பில்லைக் கட்டிவிட்ட பிறகு மருத்துவமனையிடம் கேள்வி கேட்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நிமோனியாவுக்காக அப்பாவைத் தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தீர்கள். சேர்க்கும்போது "ஒன்று எண்பது ஆகும்", அதாவது 1,80,000 ரூபாய், என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். ஒன்பது நாள் கழித்து வந்த பில் 4,12,000 ரூபாய். முழுப் பணமும் வராமல் டிஸ்சார்ஜ் கிடையாது என்று காலையிலிருந்து ராத்திரிவரை உட்காரவைத்தார்கள். நகையை அடகு வைத்து 3,40,000 கட்டினீர்கள். மிச்சம் 72,000க்கு அடுத்த மாதத் தேதி போட்டு ஒரு செக் கொடுத்துவிட்டு அப்பாவை அழைத்து வந்தீர்கள். "இவ்வளவு வாங்கலாமா, கேஸ் போட முடியுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது வேறொன்று என்று தோன்றுகிறது: பணத்தைக் கட்டிக் கையெழுத்தும் போட்டாயிற்று, இனிமேல் வாயைத் திறக்க முடியுமா? முடியும். ஆனால் "அதிகம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு முடியாது.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் பதினான்கு வருடம் இருந்தவன். அதன்பிறகு சில வருடங்களாக, இந்த மாதிரி பில்களோடு வருபவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். வழக்கறிஞர் இல்லை, மருத்துவரும் இல்லை. அதனால் அப்பாவுக்கு ஐசியு தேவைப்பட்டதா, அந்த ஆன்டிபயாடிக் சரியா என்பதில் நான் வாய் திறக்கமாட்டேன். பில்லில் உள்ள ஒரு வரி எப்படிப் பிறக்கிறது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடலாம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனை அறை வாடகை இவ்வளவுதான், ஐசியு கட்டணம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கும் சட்டம் இல்லை. 2010ஆம் ஆண்டின் மத்திய மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. இங்கே இருப்பது 1997ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம். அது பதிவையும் குறைந்தபட்ச வசதிகளையும் பார்க்கும், விலையைப் பார்க்காது. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ்ஸின் கட்டணப் பட்டியல் இணையத்தில் கிடைக்கிறது. அதோடு உங்கள் பில்லை ஒப்பிட்டால் வயிறு எரியும், அவ்வளவுதான். அந்த விலை உங்கள் மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது. பேரம் பேசும்போது காட்டலாம், சட்டமாகக் காட்ட முடியாது. ஆகவே "பக்கத்து மருத்துவமனையில் பாதி விலை" என்று எழுதும் மனு பெரும்பாலும் முதல் பதிலிலேயே படுத்துவிடும். நிற்பவை வேறு வகை: நடக்காத ஒன்றுக்குப் பணம், சட்டம் விலை நிர்ணயித்த பொருளுக்கு அதற்கு மேல் பணம், கேட்காமல் செய்ததற்குப் பணம், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வாங்கிய பணம். இதில் முதலாவதுதான் உங்கள் கையில் உள்ள பலமான ஆயுதம். அது பில்லில் இல்லை, கேஸ் ஷீட்டில் இருக்கிறது.

டிஸ்சார்ஜ் சம்மரி என்று இரண்டு பக்கம் கொடுத்திருப்பார்கள். அது கேஸ் ஷீட் இல்லை. கேஸ் ஷீட் என்பது அப்பா உள்ளே இருந்த ஒன்பது நாளும் எழுதப்பட்ட முழுக் கட்டு: மருத்துவர் பார்த்துவிட்டு எழுதிய குறிப்புகள், எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்று நர்ஸ் கையெழுத்திட்ட டிரக் சார்ட், ஆக்சிஜன் எப்போது வைத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்ற ஐசியு சார்ட், பரிசோதனை அறிக்கைகள், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் எல்லாம் அதில் இருக்கும். உள்நோயாளியின் ஆவணங்களை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. 2023இல் புதிய விதிமுறைகள் வந்து, வந்த வேகத்தில் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. ஆகவே 2002 விதிமுறைகளைக் குறிப்பிட்டே கேளுங்கள். நகல் எடுக்கும் செலவை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் வம்பு வேண்டாம். "பில் சம்பந்தமாகக் கேட்கிறேன்" என்று எழுத வேண்டாம். மேற்கொண்டு சிகிச்சைக்குத் தேவை என்பதும் உண்மைதானே. அப்பாவே கையெழுத்திட்டுக் கேட்பது நல்லது. கூடவே மொத்தத் தொகை மட்டும் உள்ள பில்லை விட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் ஏறிய ஒவ்வொரு வரியும் உள்ள விரிவான பில்லையும், மருந்தகத்தின் தனிப் பில்களையும் கேளுங்கள்.

இரண்டும் வந்ததும் ஒரு நோட்டை எடுத்து நாள்வாரியாக உட்காருங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். முதலில் மருந்து. வார்டு நர்ஸ் மருந்தகத்துக்கு இன்டென்ட் (மருந்து கேட்கும் சீட்டு) போடுவார், மருந்து மேலே வரும், அந்த நொடியே பில்லில் ஏறிவிடும். கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது பில்லுக்குத் தெரியாது. மிஞ்சியது ரிட்டர்ன் போனால்தான் கழியும். நிமோனியாவில் நடுவில் ஆன்டிபயாடிக் மாற்றுவது சகஜம். மாற்றிய அன்று பழைய மருந்தில் இரண்டு மூன்று வயல் (ஊசி மருந்துக் குப்பி) மிஞ்சியிருக்கும். உங்கள் பில்லில் ஒன்பது நாளுக்கும் ஒரு ரிட்டர்ன்கூட இல்லையென்றால் அங்கே நிறுத்திப் பாருங்கள். டிரக் சார்ட்டில் உள்ள கையெழுத்துகளை எண்ணுங்கள், பில்லில் உள்ள வயல்களை எண்ணுங்கள். ஒரு டோஸுக்கு எத்தனை வயல் என்பது சார்ட்டிலேயே இருக்கும். இந்த எண்ணிக்கைக்கு மருத்துவ அறிவு வேண்டாம், பொறுமை போதும்.

அடுத்து, நேரக்கணக்கில் ஏறுபவை. ஆக்சிஜன், பைபாப் (முகமூடி வழியாக மூச்சுக்கு உதவும் கருவி), வென்டிலேட்டர், மானிட்டர், இன்ஃப்யூஷன் பம்ப். இவற்றை ஒருமுறை மென்பொருளில் தொடங்கிவிட்டால் யாராவது நிறுத்தும்வரை தினமும் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். ஒரு நோயாளிக்கு இரண்டாம் நாள் காலையிலேயே வென்டிலேட்டரை எடுத்துவிட்டார்கள், ஐந்தாம் நாள்வரை கட்டணம் ஏறியிருந்தது. யாரும் திருட உட்காரவில்லை, நிறுத்த வேண்டியவர் நிறுத்தவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஏறாமல் விட்டுப்போன சார்ஜைத் தேடுவதற்கென்றே எங்கள் பிரிவில் ஓர் ஆள் இருந்தார். கூடுதலாக ஏறியதைத் தேட ஆள் இல்லை. பிழைகள் ஏன் எப்போதும் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் என்னிடம் இல்லை.

அப்பாவை ஐசியுவிலிருந்து வார்டுக்கு மாற்றிய நாளைத் தனியாகப் பாருங்கள். அந்த ஒரு நாளுக்கு இரண்டு படுக்கைக்கும் முழு வாடகை போட்டிருக்கிறார்களா? பல இடங்களில் போடுகிறார்கள். அவர்களின் கட்டணப் பட்டியலில் அப்படி எழுதியிருந்தால் வாதாடுவது கடினம், எழுதாமல் போட்டிருந்தால் எளிது. ஆகவே கட்டணப் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். ஐசியு கட்டணத்திலேயே மானிட்டரும் நர்சிங்கும் அடக்கம் என்று பட்டியலில் இருந்து, பில்லில் அவை தனியாகவும் ஏறியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நாளொன்றுக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 2022 ஜூலையிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஐசியு படுக்கைக்குக் கிடையாது. ஐசியு நாட்களுக்கும் சேர்த்துப் போட்டிருந்தால் அது நேரடியாகத் திரும்ப வர வேண்டிய பணம். மருத்துவர் வந்து பார்த்ததற்கான கட்டணமும் அப்படித்தான்: ஒவ்வொரு வருகைக்கும் கேஸ் ஷீட்டில் ஒரு குறிப்பும் கையெழுத்தும் இருக்க வேண்டும். பரிசோதனை என்றால் அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கை இல்லாத பரிசோதனை நடக்காத பரிசோதனை என்றுதான் நான் எழுதுவேன், நடந்தது என்று நிரூபிப்பது அவர்கள் வேலை.

மருந்து விலைக்கு வருகிறேன். அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. அத்தியாவசிய மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவிலையும் வைத்திருக்கிறது. 'ஃபார்மா சஹி தாம்' என்ற அதன் செயலியில் ஒவ்வொரு மருந்தாகத் தேடலாம். இதயக் குழாய் ஸ்டென்ட், செயற்கை முழங்கால் மூட்டு ஆகியவற்றுக்கு 2017இல் உச்சவிலை வந்தது. உங்கள் பில்லுக்கு அது பொருந்தாது. ஆனால் எம்ஆர்பியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையாதீர்கள். 2018 பிப்ரவரியில் இதே ஆணையம் டெல்லி வட்டாரத்தில் நான்கு பெரிய தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்தது. கொள்முதல் விலைக்கு மேல் 1,737 சதவீதம்வரை லாபம் வைத்திருந்ததைக் கண்டது. அச்சிடும் விலையையே உயர்த்தி வைத்துவிட்டால், எம்ஆர்பிக்குள் விற்றுக்கொண்டே இதைச் செய்யலாம். ஆக அது ஒழுங்கற்றது, ஆனால் பெரும்பாலான பொருட்களில் சட்டவிரோதம் என்று நிறுவ முடியாது. "எங்கள் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும்" என்று கட்டாயப்படுத்தினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதுவும் சட்டம் தெளிவாக இல்லாத இடம்தான். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்துக்கு இந்த விஷயம் வந்தபோது, கொள்கை வகுக்க வேண்டியது மாநில அரசுகள் என்று சொல்லி முடித்துவிட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனம், மருந்தையும் பரிசோதனையையும் விருப்பமான இடத்தில் பெறலாம் என்று சொல்கிறது. சாசனத்தை மனுவில் குறிப்பிடலாம், குறிப்பிட வேண்டும். ஆனால் அது சட்டம் இல்லை என்பதையும் தெரிந்துகொண்டே குறிப்பிடுங்கள்.

1,80,000 என்று சொல்லி 4,12,000 வாங்கியது பற்றி உங்களுக்குக் கோபம் அதிகம் என்று தெரிகிறது. நேர்மையாகச் சொன்னால், உங்கள் வழக்கில் எனக்குச் சந்தேகமான இடம் இதுதான். கட்டணத்தை சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டும், நடுவில் சொல்லக் கூடாது என்று நான் மேலே சொன்ன 2002 விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் உங்களிடம் எழுத்தில் மதிப்பீடு இல்லை. நான்காம் நாள் நிலைமை மோசமாகி ஐசியுவுக்கு மாற்றினார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு ஒப்புதலும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். "நோய் முற்றியது, செலவு கூடியது" என்று அவர்கள் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கலாம். ஐசியுவின் தினசரிச் செலவு எவ்வளவு என்று அப்போது சொன்னார்களா, இடைக்கால பில் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. சொல்லவே இல்லையென்றால் அதை ஒரு குறையாக எழுதலாம், ஆனால் முழு வித்தியாசமும் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒப்புதலே இல்லாமல் ஒரு சிகிச்சையைச் செய்திருந்தால் கதை வேறு. சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், நோயாளி ஒப்புக்கொள்ளாத அறுவை சிகிச்சையைச் செய்த மருத்துவருக்கு அதற்கான கட்டணம் கிடையாது என்று சொல்லி, அதற்கு மேல் 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. கேஸ் ஷீட்டில் உள்ள ஒப்புதல் படிவங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வெற்றுப் படிவத்தில் வாங்கிய கையெழுத்தும் அங்கே தெரிந்துவிடும்.

பணம் வராமல் ஆளை விடமாட்டோம் என்றது தவறு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. டெல்லி, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் இதைக் கண்டித்திருக்கின்றன, நோயாளி உரிமைச் சாசனமும் சொல்கிறது. சடலத்தை நிறுத்திவைப்பதற்கும் இதுவே பொருந்தும். ஒருவரை வெளியே போகவிடாமல் அடைத்துவைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவில் குற்றம். பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்கு சிவில் நீதிமன்றம் இருக்கிறது, நோயாளி அடகுப் பொருள் இல்லை. அதே சமயம், வெளியே போகும் உரிமை கடனை ரத்து செய்துவிடாது. இதைப் படிக்கும் யாராவது இந்த நிமிடம் அப்படி உட்கார்ந்திருந்தால்: குரலை உயர்த்த வேண்டாம், எதையும் தட்ட வேண்டாம். மருத்துவமனை வன்முறைக்கு எதிரான 2008ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் கடுமையானது, பலமுறை உண்மையான புகார்தாரரே குற்றவாளியாகிப்போன கதை இருக்கிறது. 100க்கு அழையுங்கள், முடிந்ததைக் கட்டுங்கள், பில்லிலேயே "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விஷயத்தில் அது நடக்கவில்லை, பரவாயில்லை. டிஸ்சார்ஜ் என்று மருத்துவர் எழுதிய நேரம் கேஸ் ஷீட்டில் இருக்கும். ரசீதில் நேரம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள பத்துப் பன்னிரண்டு மணி நேரமே உங்கள் சாட்சி.

செக் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். கோபத்தில் "ஸ்டாப் பேமென்ட்" கொடுத்துவிடுவது பலரும் செய்யும் தவறு. செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் அவர்கள் 30 நாளுக்குள் நோட்டீஸ் விடலாம். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்கு. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள். செக் தேதிக்கு முன்பே உங்கள் ஆட்சேபணைக் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும், தகராறு தீரும்வரை செக்கை வங்கியில் போட வேண்டாம் என்று அதில் கேளுங்கள். அவர்கள் சம்மதிக்கவில்லை என்றால் பணத்தைக் கணக்கில் வைத்து, செக் பாஸாகட்டும் என்று விட்டுவிட்டு, பிறகு திரும்பக் கேளுங்கள். 72,000க்காக வழக்கின் திசையை மாற்றிக்கொள்ளாதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது. செலவு செய்ய முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

சரி, எங்கே போவது? முதலில் மருத்துவமனைக்கே. ஆச்சரியமாக இருக்கலாம், ஆனால் வரி எண், தேதி, கேஸ் ஷீட் பக்க எண் என்று போட்டு ஒரு பக்கத்தில் எழுதிய கடிதத்துக்கு நிர்வாகம் நடுங்கும். "கொள்ளையடிக்கிறீர்கள்" என்று ஆறு பக்கம் எழுதிய கடிதத்தை நாங்கள் கோப்பில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். கூப்பிட்டுக் குறைக்கிறோம் என்றால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதி வாங்குவார்கள். தொகை உங்களுக்குத் திருப்தி என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். பதில் வரவில்லை என்றால் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவமனைகளைப் பார்க்கும் மாவட்ட இணை இயக்குநர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கலாம். பணத்தை அவர்கள் வாங்கித் தரமாட்டார்கள், ஆனால் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனால் மருத்துவமனையின் தொனி மாறும். கேஸ் ஷீட் தர மறுத்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் அந்த மருத்துவர்மீது புகார் கொடுக்கலாம். பில் பஞ்சாயத்தைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை.

பணம் திரும்ப வேண்டும் என்றால் இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பணம் வாங்கிச் செய்யும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சாந்தா வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், மருத்துவமனை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. காலக்கெடு 2 வருடம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால், சில சமயம் அங்கேயே பேசி முடிகிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நான் பார்த்தவை எதுவும் அப்படி முடியவில்லை. இன்னொன்று: மனுவில் "சிகிச்சையும் தவறு" என்று ஒரு வரி சேர்க்கும் ஆசை வரும். அப்பா குணமாகி வீட்டுக்கு வந்திருக்கிறார். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் நிபுணர் கருத்து, எதிர்க்கருத்து என்று வழக்கு வேறு பாதையில் போய்விடும். எண்ணிப் பார்த்தால் தெரியும் பிழையை எண்ணிக்கையாகவே வையுங்கள்.

காப்பீடு பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அப்பாவின் பெயரிலோ உங்கள் அலுவலகத்திலோ பாலிசி இருந்தால், பிறகு பணத்தைத் திரும்பப் பெறும் கோரிக்கைக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நிறுவனம் மறுத்தால் முதலில் அவர்களிடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்தில் தீராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்து, அந்த மருத்துவமனை திட்டத்தில் இருந்தும் கையில் பணம் வாங்கியிருந்தால், நான் மேலே எழுதியதில் பாதி தேவையே இல்லை. திட்ட அலுவலகத்தில் புகார் கொடுங்கள், அது வேறு அளவுக்கு வேலை செய்யும்.

எவ்வளவு திரும்பும் என்று கேட்பீர்கள். பில்லைப் பார்க்காமல் தொகை சொன்னால் அது பொய். என் கைவழியே போன பில்களில் பெரும் பகுதி திரும்பியது அரிது. திரும்பியவை மருந்து எண்ணிக்கை, இரட்டைப் படுக்கை, நிறுத்தாமல் ஓடிய கருவிக் கட்டணம் ஆகிய மூன்றிலிருந்துதான் அதிகம். செக் தேதி நெருங்குவதால் இந்த வாரமே முதல் கடிதம் போகட்டும். மருத்துவக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள்: அப்பா பெயர், உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, "எனது முழு கேஸ் ஷீட்டின் நகலையும், நாள்வாரியான விரிவான பில்லையும், மருந்தக ரிட்டர்ன் விவரத்தையும் 72 மணி நேரத்துக்குள் வழங்கக் கோருகிறேன்." அப்பாவின் கையெழுத்து. நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட். கட்டு வந்ததும் பெயரையும் எண்களையும் மறைத்துவிட்டு, ஐசியுவிலிருந்து மாற்றிய நாளின் பக்கங்களை மட்டும் இங்கே போடுங்கள். அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.